மேலே எழுதட்டுமா என்று கேட்ட வரி

தாய்மாமன் பெயரே இல்லாமல் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சாகிப் போனது. அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் இல்லாமல் இல்லை. இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் பெயரும் விட்டுப்போனதற்கு நான் எழுதிய மெயின் புரோகிராம்தான் காரணம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒத்துக்கொள்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: "மெயின்தானே, ஒரு நாள் வேலை" என்று என்னிடம் சொன்னவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

புதுக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் ஐந்து பேர். ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டுடியோ, பத்திரம் எழுதுகிறவர்கள், பத்திரிகை டிசைன் பண்ணுகிறவர்கள், இவர்களுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது தொழில். எல்லாரும் ஒரே புலம்பலாகப் புலம்புவார்கள். கம்ப்யூட்டரில் இடம் இல்லை, மிஷின் நகர மாட்டேன் என்கிறது. பழைய ஃபைலை அழிக்கவும் மனசு வராது, புது டிஸ்க் வாங்கவும் கை வராது. அதனால் ஃபைல்களைச் சுருக்கி வைக்கிற கருவி ஒன்றை நாமே எழுதிவிடலாம் என்று முதலாளி முடிவு பண்ணினார். பட்டன், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை டைப் அடித்து எந்த ஃபோல்டர் என்று சொன்னால் போதும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஃபைலையும் சுருக்கிப் புது ஃபைலாக எழுதிவிட்டு, பழையதை அழித்துவிடும்.

சுருக்குகிற பகுதியை எழுதியவர் எங்கள் சீனியர். என்னைவிட எட்டு வயது சின்னவர். பெங்களூரில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தார், அதனால் சீனியர். எனக்குக் கிடைத்தது மெயின்.

மெயின் என்றால் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆள் என்ன டைப் அடித்தார் என்று படித்துப் புரிந்துகொள்வது மெயின். தப்பாக அடித்தால் எது தப்பு என்று மரியாதையாகச் சொல்வது மெயின். ஃபைல் இருக்கிறதா, திறக்க விடுமா, எழுத இடம் இருக்கிறதா, புது ஃபைலுக்கு என்ன பெயர், எழுதி முடித்தது முழுசாக இருக்கிறதா, பழையதை இப்போது அழிக்கலாமா, நடுவில் கரண்ட் போனால் என்ன கதி, அத்தனையும் மெயின். சீனியரின் பகுதிக்கு ஒரே வேலை. எண்களை வாங்கிக்கொண்டு குறைவான எண்களைத் திருப்பித் தரும். அது கஷ்டமான வேலைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கல்யாண வீட்டில் சமையல்காரர் யார் என்று எல்லாரும் கேட்பார்கள், பந்தி விசாரித்தவர் யார் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சோறு பற்றவில்லை என்றால் மட்டும் பந்திக்காரரைத்தான் பிடித்து உலுக்குவார்கள்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே வெளியாட்களிடம் சொல்வார்: "அல்காரிதம் தம்பி எழுதினது. மேடம் சும்மா மெயின் மட்டும் பாத்துக்கிட்டாங்க." சும்மாவாம். மட்டுமாம். மூன்று வாரம் ராப்பகலாக நான் முட்டிக்கொண்டது அந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரித்துக்கொண்டு நிற்பேன்.

நான் எழுதிய மெயினில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு இடம் இருந்தது. புது ஃபைலை எழுதப் போகும்போது அதே பெயரில் ஏற்கனவே ஒரு ஃபைல் இருந்தால் அது நின்று கேட்கும்: "இந்தப் பெயரில் ஃபைல் இருக்கிறது. மேலே எழுதட்டுமா?" ஆமாம் என்றால்தான் எழுதும். தமிழிலேயே கேட்கும்படி எழுதியிருந்தேன். ஒரே ஒரு கேள்வி, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி சீனியருக்கு ஆகவில்லை. அவர் ஒரே ஃபோல்டரை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார், ஒவ்வொரு தடவையும் போன தடவை எழுதிய ஃபைல் அங்கே இருக்கும், என் கேள்வி எழுந்து நிற்கும்.

"மேடம், இது என்ன டோல்கேட் மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேக்குது? யூசர் கடுப்பாயிருவான். எடுத்துருங்க."

"கேக்கலைன்னா பழசு போயிரும்ங்க."

"போனாப் போகட்டும். பேர் ஒண்ணா இருந்தா ஃபைலும் ஒண்ணாத்தான இருக்கும்?"

முதலாளி அந்தப் பக்கமாகப் போனவர், "கேள்வி கேக்குற சாஃப்ட்வேர் எவன் வாங்குவான்? எடுத்துருங்கம்மா" என்று சொல்லிவிட்டு டீக்குப் போய்விட்டார். நான் எடுத்தேன். கோபத்தில் எடுத்தேன், கீபோர்டு உடைகிற மாதிரி தட்டி எடுத்தேன், ஆனால் எடுத்தேன். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்னொரு தகராறும் இருந்தது. சீனியரின் பகுதிக்குத் தமிழில் பெயர் வைத்த ஃபைலைக் கொடுத்தால் அப்படியே படுத்துவிடும். கேட்டதற்கு, "இங்கிலீஷ்ல பேர் வைக்கச் சொல்லுங்க மேடம்" என்றார். யாரிடம் போய்ச் சொல்வது? என் அக்கா பொன்னமராவதியில் டிசைன் கடை வைத்திருக்கிறாள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாப் பத்திரிகையும் அவள் செய்வாள். பத்திரிகையின் உச்சியில் பிள்ளையார் சுழி போடாமல் அவள் கை ஓடாது, அது போதாது என்று ஃபைலின் பெயரையும் 'உ' என்றுதான் தொடங்குவாள். உ, பிறகு பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், எல்லாம் தமிழில். எங்கள் பக்கம் அப்படித்தான். நல்ல காரியத்துக்கு உ போடாமல் ஒரு தாளைத் தொட மாட்டார்கள். இவர்களைப் போய் இங்கிலீஷில் பெயர் வை என்று சொன்னால் விளக்குமாற்றால் அடிப்பார்கள்.

அதனால் மெயினில் நானே ஒரு வழி செய்தேன். புது ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது தமிழ் எழுத்து வந்தால் அதற்குப் பதில் ஒரு அடிக்கோடு. எண்ணும் இங்கிலீஷ் எழுத்தும் அப்படியே இருக்கும். ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. தமிழுக்கு ஏதோ பெரிய உபகாரம் பண்ணிவிட்ட மாதிரி அன்றைக்கு மத்தியானம் தெம்பாகச் சாப்பிட்டேன். இது யாரும் சொல்லி நான் செய்ததில்லை. முழுக்க என் சொந்தப் புத்தி.

சனிக்கிழமை லீவு. நிஜமான ஃபைல்களில் ஓட்டிப் பார்க்க அக்கா கடைக்குப் போனேன். அவள் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்து மாசக்கணக்காகிறது, திரையில் எப்போதும் சிவப்புக் கோடுதான். அன்றைக்கு அக்கா நல்ல சந்தோஷத்தில் இருந்தாள்.

"நேத்து ஒரு காரியம் பண்ணியிருக்கேன், கேளு" என்றாள்.

பக்கத்து ஊர்க்காரம்மா ஒருத்தர், புருஷன் இல்லாதவர். ஒரே மகளுக்குக் கல்யாணம். அந்த அம்மாவுக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். கிணற்று மோட்டார் விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஆறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தாய்மாமன் வரியில் யார் பெயர் முதலில் என்று இப்போது புதுத் தகராறு. வயசுக்கு நான் மூத்தவன் என்கிறார் பெரியவர். மச்சான் செத்த நாளிலிருந்து பிள்ளையை பைக்கில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் நான் என்கிறார் சின்னவர். யார் பெயர் பின்னால் வருகிறதோ அவர் கல்யாணத்துக்கு வர மாட்டார். அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை, இரண்டு பேரும் ஒரே பந்தலில் நிற்க வேண்டும் என்பது.

"ரெண்டு பேரையும் இங்க வரவழைச்சு, இந்தா இந்த பெஞ்சுல அங்கிட்டு ஒருத்தரு இங்கிட்டு ஒருத்தரு உக்காத்தி வச்சேன்" என்றாள் அக்கா. "காலையில ஒக்காந்தவங்க மூணு மணிக்குத்தான் எந்திரிச்சாங்க. தாய்மாமன் வரியில பெரியவரு மொதல்ல. கீழ 'தங்கள் வரவை எதிர்பார்க்கும்'னு வருதுல்ல, அங்க சின்னவரு மொதல்ல. அதுக்குத் தக்கன மத்த நாப்பது பேரையும் மாத்தி மாத்திப் போட்டேன். கடைசியில ரெண்டு பேரும் ஸ்க்ரீனைப் பாத்துச் சரின்னுட்டாங்க. அந்த அம்மா அழுதுருச்சுடி."

"ஃபோன்ல அனுப்பி வச்சியா?"

"பெரியவரு கூடாதுன்னுட்டாரு. ஃபோன்ல போனா ஊரெல்லாம் சுத்தி வந்து ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்னாரு. அவரு சொல்றதும் சரிதான். திங்கக்கெழம அந்த அம்மா வரும், நேரா பிரஸ்ஸுக்கு அனுப்பிருவேன்."

அந்தப் பத்திரிகை ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, அந்த ஃபோல்டரில். அந்த ஃபோல்டரில்தான் நான் என் கருவியை ஓட்டினேன்.

காப்பி எடுத்து வைத்தாயா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எடுக்கவில்லை. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் காப்பி எடுங்கள் காப்பி எடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பவள், என் சொந்த அக்கா கடையில் எடுக்கவில்லை. ஏனென்றால் என் மெயின்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. எழுதியது முழுசாக இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் அது பழையதை அழிக்கும். அதை நானே எழுதினேன், பத்து தடவை ஓட்டியும் பார்த்தேன்.

ஓடி முடிந்ததும் சிவப்புக் கோடு போய் நீலம் வந்தது. ஃபோல்டர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அக்கா வாயைப் பிளந்தாள். சும்மா சொல்லக் கூடாது, நானும் பிளந்தேன். பரிசோதனைக்காகச் சுருங்கிய ஃபைல் ஒன்றை விரித்துப் பார்த்தேன். யாரோ ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அட்சரம் பிசகாமல் அப்படியே வந்தது. விரிக்கிற கட்டளையை ஒரு சீட்டில் எழுதி அக்காவின் மானிட்டரில் ஒட்டிவிட்டு, அவள் வாங்கித் தந்த புரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் திருவிழா. நான் குறித்து வந்த அளவைச் சீனியர் போர்டில் பெரிதாக எழுதி, சுற்றி வட்டம் போட்டு, அம்புக்குறி வேறு போட்டார். "இவ்வளவு சுருங்கும்னு நானே எதிர்பாக்கல" என்றார். முதலாளி அவர் தோளில் தட்டினார். வியாழக்கிழமை வரப்போகிற ஒரு பெரிய கஸ்டமரிடம் இதைத்தான் காட்டப் போகிறோம் என்றார். நான் ஓரத்தில் நின்றேன். பஸ் பிடித்துப் போய் ஓட்டிவிட்டு வந்தவள் நான்தான், யாரும் என் தோளில் தட்டவில்லை. அந்த நேரத்தில் அக்கா ஃபோன் பண்ணினாள்.

"ஏண்டி, எல்லாம் கோடு கோடா இருக்கு. எதை விரிச்சாலும் வேற யாரு பத்திரிகையோ வருது. அந்த அம்மா வந்து ஒக்காந்திருக்குடி."

"பதறாதக்கா. எத்தனை ஃபைல் இருக்கு பாரு."

எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "செத்தவங்க எல்லாம் பத்திரமா இருக்காங்க. கல்யாணந்தான் ஏழெட்டத் தவிர ஒண்ணையும் காணோம்."

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. சாவு போஸ்டருக்கு அக்கா உ போட மாட்டாள், பெயரும் வைக்க மாட்டாள். அழுதுகொண்டு வந்தவர்களை நிறுத்தி வைத்துப் பெயர் யோசிக்க முடியுமா? வந்தவரின் ஃபோன் நம்பரையே ஃபைலுக்குப் பெயராகப் போட்டுவிடுவாள். எண்கள் என்பதால் என் மெயின் அவற்றை அப்படியே விட்டது. கல்யாணமும் காதுகுத்தும் தமிழ்ப் பெயர். எல்லா எழுத்தும் அடிக்கோடாகிவிட்டது. எழுத்து எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதும், பத்து கல்யாணமானாலும் ஒரே பெயர். முதல் கல்யாணத்தைச் சுருக்கி எழுதும், சரிபார்க்கும், பழையதை அழிக்கும். அடுத்த கல்யாணத்தை அதன் தலையிலேயே எழுதும், சரிபார்க்கும், அழிக்கும். அதனால்தான் அந்த ஃபோல்டர் அவ்வளவு சுருங்கியிருந்தது. போர்டில் சீனியர் வட்டம் போட்டிருந்தது, காணாமல் போன கல்யாணங்களின் அளவு.

அழிந்ததை மீட்கிற புரோகிராம்கள் உண்டு. அதற்கும் வழியில்லாமல் போயிற்று. நீலக் கோட்டைப் பார்த்த சந்தோஷத்தில் அக்கா ஞாயிற்றுக்கிழமையே யாரோ ஒரு ஸ்டுடியோக்காரரின் கல்யாண வீடியோக்களைக் காலியான இடத்தில் நிரப்பிவிட்டாள்.

ஃபோனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். சீனியர் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"என் பார்ட்ல ஒண்ணும் இல்ல மேடம். குடுத்ததைச் சுருக்கிக் குடுத்திருக்கு. இது மெயின்ல வந்த பிரச்சினை."

"மெயின் யார் எழுதினது?" என்றார் முதலாளி. தெரியாதவர் மாதிரி கேட்டார்.

மூன்று வாரமாகச் சும்மாவாக இருந்த மெயினுக்கு அந்த நிமிஷத்தில்தான் ஆசிரியர் கிடைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போர்டைக் கழற்றி இரண்டு பேர் தலையிலும் போடலாம் போல இருந்தது. "மேலே எழுதட்டுமான்னு ஒரு கேள்வி வச்சிருந்தேன். அதை எடுக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

சீனியர் சொன்ன பதிலை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "நான் சொன்னா எடுத்துர்றதா மேடம்? மெயின் உங்களுதுதானே?"

கொடுமை என்னவென்றால், அவர் சொன்னது சரி.

அக்கா என்னைத் திட்டவில்லை, ஒன்று மட்டும் கேட்டாள். "அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா ஒன் மிஷினு?" அவளே வழியும் கண்டுபிடித்தாள். அந்த அம்மாவிடமும் இரண்டு மாமன்களிடமும், கம்ப்யூட்டர் கெட்டுப்போய் எல்லாம் அழிந்துவிட்டது, இன்னொரு தரம் வந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டாள். புதன்கிழமை வருவதாக மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

"நீயும் வா. வேகமா டைப் அடிக்க ஆள் வேணும்" என்றாள் என்னிடம். "ஆனா வாயத் தெறக்காத. மிஷின் அழிச்சிருச்சு, அவ்வளவுதான் பேச்சு."

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தபோது ஒரு பைக் வந்து நின்றது. "கடைக்காரம்மா சாடை அப்படியே இருக்கே, தங்கச்சியாம்மா? அங்கிட்டுத்தான் போறேன், ஏறு" என்றார் ஓட்டி வந்தவர். அவர்தான் சின்ன மாமன் என்று கடை வாசலில் இறங்கும்போதுதான் தெரிந்தது. பெரியவர் முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்தார்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. அந்த அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து பெயர்களைச் சொன்னார், நான் அடித்தேன். ஒரு பெயர் விட்டுப்போனபோது பெரியவர் எடுத்துக் கொடுத்தார். இன்னொன்றைச் சின்னவர் திருத்தினார், பெரியவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அக்கா டீ வாங்கி வரச் சொன்னாள். முக்கால்வாசி முடிந்துவிட்டது. தாய்மாமன் வரிக்கு வந்தோம். பெரியவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சாவகாசமாகப் பேசினார்.

"மிஷினுதான, அதுக்கு என்ன தெரியும்? எவனும் ஒக்காந்து எழுதுறதா பண்றதா, அதுபாட்டுக்கு ஓடுது, அதுபாட்டுக்கு அழிக்குது. யாரப் போயிக் குத்தஞ் சொல்றது?"

மனிதர் பெருந்தன்மையாகச் சொன்னார். எங்கள் எல்லாரையும் மன்னித்துச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு அடுத்த பெயரை அடித்திருக்க வேண்டும். ஆனால் எவனும் உட்கார்ந்து எழுதுவதில்லை என்ற அந்தச் சொல் எனக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. சும்மா மெயின், மெயின்தானே, ஒரு நாள் வேலை, அதுபாட்டுக்கு ஓடுது. மூன்று வாரமாக விழுங்கி விழுங்கி வைத்திருந்தது அத்தனையும் அந்த இடத்தில்தான் மேலே வந்தது.

"அதுபாட்டுக்கு ஓடலீங்க ஐயா. நான்தான் எழுதுனேன்" என்றேன்.

அக்கா என் காலை மிதித்தாள். காலம் தாழ்ந்துவிட்டது.

பெரியவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நீ எழுதுனதா? அப்ப நீதான் அழிச்சியா?"

"வேணும்னு இல்லைங்க. பேரு வைக்கிற எடத்துல ஒரு தப்பு. ஒங்க பத்திரிகை மட்டும் இல்லைங்க, அநேகமா எல்லாக் கல்யாணமும் போயிருச்சு."

"எல்லாமே போயிருச்சா?"

"சாவு போஸ்டர் மட்டும் இருக்குங்க."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். "ஒரே வண்டியில வந்து எறங்கும்போதே நெனச்சேன்" என்றார்.

"என்னத்த நெனச்சீங்க?" என்று சின்னவர் எழுந்தார்.

"எம் பேரு மொதல்ல வந்தது ஒனக்குப் பொறுக்கல. அதான் இந்தப் பொண்ணப் புடிச்சு அழிக்கச் சொல்லியிருக்க. மிஷின் அழிச்சா எல்லாத்தையும் அழிக்கும். பாத்துப் பாத்தா அழிக்கும்?"

"எனக்கு இந்தப் பொண்ணு யாருன்னே இன்னைக்குத்தாண்ணே தெரியும்" என்றார் சின்னவர். ஆறு வருஷத்தில் அவர் அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவையாம், அக்கா பிறகு சொன்னாள். பெரியவர் காதில் அது விழவில்லை. நான் அடிக்கோடு, எழுத்து எண்ணிக்கை, பெயர் மோதல் என்று என்னென்னவோ விளக்கினேன். திரையைத் திருப்பிக் காட்டினேன். விளக்க விளக்க மோசமானது. இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்த பெண் தெரியாமலா அழித்திருப்பாள் என்று கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவரும் வண்டியை எடுத்தார். என் மேல் பழி போட்ட பத்திரிகையில் என் பெயர் வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அம்மா அழவில்லை. டீ கிளாஸ்கள் இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு என்னிடம், கோபமே இல்லாமல் கேட்டார். "ஏம்மா, மிஷினாவே இருந்துட்டுப் போயிருக்கக் கூடாதா?"

வியாழக்கிழமை நான் ஆபீஸுக்குப் போய் முதல் வேலையாகக் கேள்வியைத் திரும்ப எழுதினேன். அடிக்கோட்டை எடுத்துவிட்டுத் தமிழ்ப் பெயர் தமிழாகவே போகும்படி வழி செய்தேன். அரை நாள் வேலை. அந்த அரை நாளை முன்னாலேயே செலவழித்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. போர்டில் வட்டம் இன்னும் இருந்தது. இது பொய்க் கணக்கு, கஸ்டமரிடம் காட்டக் கூடாது என்றேன். முதலாளி, "பாத்துக்கலாம்மா" என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று தெரியவில்லை. டஸ்டரை எடுத்து நானே அழித்தேன். சீனியர் கருவியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மறுபடி இந்தக் கேள்வி வருதே, யார் போட்டது?" என்றார்.

"நான்தான். மெயின் என்னுதுதானே?" என்றேன்.

அடுத்த வாரம் அக்கா கூப்பிட்டாள். பெரியவர் வீட்டுக்கு அந்த அம்மா நாலு தடவை நடந்திருக்கிறார், நானும் அக்காவும் ஒரு தடவை போய் வாசலில் நின்றுவிட்டு வந்தோம். அவர் அசையவில்லை. அண்ணன் பெயர் மட்டும் போட்டால் தம்பி உறவு விட்டுப்போகும், தம்பி பெயர் மட்டும் போட்டால் அண்ணன் சாகிற வரைக்கும் வாசல் மிதிக்க மாட்டார். நாள் நெருங்கிவிட்டது, பிரஸ்ஸுக்கு அனுப்பியாக வேண்டும். நான் போனபோது அந்த அம்மா அதே பெஞ்சில், நடுவில், தனியாக உட்கார்ந்திருந்தார். நான் அடித்த பத்திரிகை திரையில் இருந்தது. உச்சியில் உ இருந்தது. தாய்மாமன் என்ற வரி மட்டும் பெயரில்லாமல் இருந்தது, மற்ற பெயர்கள் எல்லாம் இருந்தன.

"அந்த வரிய எடுத்துரும்மா" என்றார்.

அக்கா மவுஸைப் பிடித்து அந்த வரியைத் தேர்வு செய்தாள். அழிக்காமல் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"எடுத்துரட்டுமாம்மா?"

"எடும்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எடுத்துரட்டுமா?"

அந்த அம்மா திரையில் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார். அதற்கப்புறம்தான் அக்கா அழித்தாள்.